கீரிக்கு மேலே திறக்கும் கதவு

கீழ்வேளூர்
2.2.2024

மரியே வாழ்க!

அன்புத் தங்கை சான்ட்ராவுக்கு அண்ணன் எல்வின் எழுதுவது. கவரின் மேல் சிஸ்டர் மரிய அமலா என்றுதான் எழுதியிருக்கிறேன். உள்ளே அந்தப் பேர் எனக்கு வராது, மன்னித்துக்கொள். இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முட்டியில்தான் வலி, வாய் நன்றாக இருக்கிறது. நீயும் மடத்துச் சகோதரிகளும் சுகமாக இருக்க வேண்டுகிறோம்.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன், இதற்கு மேல் என்னால் தாங்காது. கீரி கட்டுகிறேன்! நிஜக் கீரி!

சின்ன வயதில் நீயும் நானும் திருட்டு சிடி தேயத் தேயப் பார்த்தோமே, அந்தப் படத்து வண்டி. கறுப்பு உடம்பு, நீள மூக்கு, ஹீரோ விசிலடித்தால் இரண்டு கதவும் இறக்கை மாதிரி மேலே திறக்கும். வில்லனின் வண்டிக்கு நாகம் என்று பேர், அதை விரட்டி விரட்டிக் கடிக்கும். எடுத்தவர்களே அந்தப் படத்தை மறந்திருப்பார்கள். நாம் மறப்போமா?

திருக்குவளைப் பக்கம் ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பழைய டீசல் ஜீப் ஒன்று கிடந்தது. பின்சீட்டில் கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. கோழியை இறக்கிவிட்டு ஜீப்பை நம் கொல்லைப் பட்டறைக்கு இழுத்து வந்துவிட்டேன். மேல்கூட்டைக் கழற்றிவிட்டு, கழித்துப்போட்ட அறுவடை மெஷின் தகட்டை வளைத்துக் கீரிக்கு உடம்பு செய்யப் போகிறேன். பெயின்டுக்கு நம் சித்தீக் இருக்கிறான், துபாயில் கார்களுக்குப் பெயின்ட் அடித்தவன். ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறையாக மனுவும் கொடுத்தாயிற்று.

எதற்கு இந்த அவசரம் தெரியுமா? அக்டோபரில் உனக்கு நித்திய வார்த்தைப்பாடு. சாகும்வரை இந்த மடம்தான் என்று நீ சொல்லிவிட்டால் அப்புறம் கம்பிக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நாங்கள். அதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை கீரியை நீ தொட்டுப் பார்த்துவிட வேண்டும். உங்கள் மடத்து வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறேன். அம்மா இப்போதே பங்குக் கோயில் முழுக்கச் சொல்லிவிட்டாள், "எம் மவ ஆண்டவருக்கு வாக்கப்படப் போறா"ன்னு.

உன் ஜெபத்தில் என் வெல்டிங் மெஷினையும் சேர்த்துக்கொள்.

அண்ணன் எல்வின்

*

மடம்
10.2.2024

இயேசுவுக்குப் புகழ்!

அன்பு அண்ணனுக்கு, உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். நான் சுகம். மலையில் குளிர் மூக்கைப் பிடுங்குகிறது.

உன் கடிதத்தை மதர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார்கள். இங்கே அதுதான் வழக்கம். கொடுக்கும்போது, "கீரி யாரும்மா?" என்று கேட்டார்கள். மாலையில் பேச அனுமதி உள்ள நேரத்தில் முழுக் கதையையும் சொன்னேன், நாகம் மலையிலிருந்து உருண்டு விழுகிற வரைக்கும். எழுபது வயது சிஸ்டர் ஒருவருக்குச் சிரித்துச் சிரித்து விக்கலே வந்துவிட்டது.

சில விஷயம் கவனி. கீரியின் மூக்கு நீளம்தான், ஆனால் நுனியில் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். கண் இரண்டும் வட்டமில்லை, சரிந்த பாதாம் வடிவம். கதவின் கீல் வெளியே தெரியவே தெரியாது. சித்தீக் அண்ணனிடம் சொல், பளபள கறுப்பு வேண்டாம், மங்கின கறுப்பு.

வருகிற புதன் தவக்காலம் தொடங்குகிறது. எங்களுக்கு ஈஸ்டர் வரை கடிதம் கிடையாது. நீ எழுதினாலும் என் கைக்கு வராது. படுபாவி, இந்த நேரம் பார்த்தா ஆரம்பிக்க வேண்டும்! நாற்பது நாள் நான் எப்படிப் பொறுப்பேன்?

அம்மாவுக்கும் அண்ணிக்கும் என் அன்பு.

சான்ட்ரா

*

கீழ்வேளூர்
5.4.2024

மரியே வாழ்க! உயிர்ப்புப் பெருவிழா வாழ்த்துகள்!

அன்புத் தங்கைக்கு, நாங்கள் சுகம். உன் சுகத்தை அறிய ஆவல், அதைவிட என் சுகதுக்கத்தைக் கொட்ட ஆவல்.

உடம்பு முடிந்தது! மூக்கை நீ சொன்ன மாதிரியே தூக்கிவிட்டேன். முன்பக்க வலைக்கு ரைஸ்மில் சல்லடை, அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்துவிட்டது. சம்பா அறுவடை நேரம், பகலெல்லாம் மெஷின் ரிப்பேர், நிற்க நேரமில்லை. கிடைத்த சந்திலெல்லாம் கீரிதான். உன் அண்ணி பிரின்ஸி சீட்டுக்கு ரெக்சின் தைக்கிறாள். திட்டிக்கொண்டேதான் தைக்கிறாள், ஆனால் தையல் அச்சாக விழுகிறது.

அம்மா வந்து பார்த்தாள். "பொண வண்டியாட்டம் இருக்குடா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கதவுதான் என் உயிரை வாங்குகிறது. கூரை ஓரத்தில் கீல் வைத்தேன். தூக்கினால் நிற்கிறது, கையை எடுத்தால் தொப்பென்று விழுகிறது. சித்தீக் தலையில் விழுந்து கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டது. நோன்பு வாயோடு அவன் என்னை என்னவெல்லாம் சொன்னான் என்று இங்கே எழுத முடியாது, மதர் படிப்பார்கள். படத்தில் எப்படித்தான் திறந்தது என்று நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். சான்ட்ரா, மேலே கயிறு தெரிகிறது! ஆள் வைத்துக் கயிற்றால் தூக்கியிருக்கிறார்கள்! இத்தனை வருஷம் நம்மை ஏமாற்றியிருக்கிறார்கள்!

கீரி என்றால் கதவு. கதவு திறக்காவிட்டால் அது மூக்கு நீண்ட ஜீப், அவ்வளவுதான்.

அம்மா உன் வார்த்தைப்பாட்டுக்கு ஒரு பஸ் பேசிவிட்டாள். அவள் முகத்தை நீ பார்க்க வேண்டுமே, பத்து வயசு குறைந்துவிட்டது.

கதவுக்காக வேண்டிக்கொள்.

எல்வின்

*

மடம்
28.4.2024

இயேசுவுக்குப் புகழ்!

அண்ணா, உங்கள் சுகம் அறிந்து மகிழ்ச்சி. நான் சுகமாக, மிகவும் சுகமாக இருக்கிறேன்.

கயிறா! மூன்று நாள் ஆறவில்லை எனக்கு. போகட்டும், அவர்களுக்குக் கயிறு, நமக்கு மூளை. இதோடு ஒரு படம் வரைந்து வைத்திருக்கிறேன், பார்.

கீலைக் கூரை ஓரத்தில் வைத்ததுதான் தப்பு. இன்னும் உள்ளே தள்ளி, கூரையின் நடுமுதுகுக்குப் பக்கத்தில் வை. கதவோடு கூரையில் ஒரு துண்டும் சேர்ந்தே மேலே எழ வேண்டும். கனம் உள்ளே வரும், விழாது. வேனின் பின்கதவைத் தாங்குமே கேஸ் ஷாக், கதவுக்கு ஒன்றாக வாங்கு. ஒரு முனை கதவின் உள்பக்கம், மறுமுனை சீட்டுக்குப் பின்னால் நிற்கிற தூணில். ஷாக் சாய்கிற கோணம் படத்தில் இருக்கிறது. கீல் இருக்கிற இடத்தில் மழைத்தண்ணீர் இறங்கும், லாரி டியூபை நீளமாக வெட்டி இரண்டு அடுக்காக ஒட்டு.

இது எப்படித் தோன்றியது தெரியுமா? காலை ஜெபத்தில் கண்ணை மூடினேன், கீல் தெரிந்தது. மறுநாளும் கீல். அதற்கடுத்த நாள் தூண். பக்கத்தில் இருந்தால் நானே பற்ற வைத்துத் தருவேன். உனக்கு வெல்டிங்கில் பொறுமை கிடையாது, அன்றைக்கும் இன்றைக்கும் என் கோடுதான் நேர்க்கோடு. டிப்ளமோ முடித்துவிட்டு உன் பட்டறையில் நான் நின்ற அந்த ஒரு வருஷம் எந்த மெஷினாவது திரும்பி வந்ததா, சொல்.

திறந்ததா இல்லையா என்று உடனே எழுது. உடனே!

சான்ட்ரா

*

கீழ்வேளூர்
20.5.2024

மரியே வாழ்க! வாழ்க! வாழ்க!

சான்ட்ரா, திறந்தது!

சுகம் விசாரிக்கவெல்லாம் இப்போது நேரமில்லை. சாயங்காலம் இரண்டாவது ஷாக்கை மாட்டினேன். பிரின்ஸி, சித்தீக், எதிர்வீட்டு சாமிதுரை எல்லோரும் தள்ளி நின்றார்கள், தலை பத்திரம் என்று. தாழ்ப்பாளைத் தட்டினேன். உஸ்ஸ் என்று ஒரு சத்தம். இரண்டு கதவும் தானாக, மெதுவாக, கல்யாணப் பந்தலில் ஆலத்தி எடுக்க வந்த மாதிரி எழுந்து நின்றன! நான் விசிலடிக்கவே மறந்துவிட்டேன். சித்தீக் என்னைத் தூக்கிச் சுற்றினான். சாமிதுரை, "யாரு போட்ட கணக்கு இது?" என்று கேட்டார். "எந் தங்கச்சி!" என்றேன். "அது மடத்துலல்ல இருக்கு?" என்றார். "மடத்துல இருந்தா மூளை எங்க போயிரும்?" என்றேன்.

அம்மா ஒரு கேள்வி கேட்கச் சொன்னாள். அன்றைக்கு உனக்குப் பூமாலை நம் வீட்டுச் செலவா, மடத்துச் செலவா? அழைப்பிதழில் உன் பேரை எந்தப் பேராகப் போடுவது? போன கடிதத்தில் நீ வார்த்தைப்பாடு பற்றி ஒன்றுமே எழுதவில்லை என்று குறைப்படுகிறாள். கீல் பற்றி ஒரு பக்கம் எழுதினவளுக்கு அம்மாவுக்கு ஒரு வரி எழுதத் தெரியாதா?

சந்தோஷத்தில் தலைகால் புரியாமல்,

எல்வின்

*

மடம்
30.6.2024

இயேசுவுக்குப் புகழ்!

அன்பு அண்ணா, பதில் தாமதம். தியானத்தில் இருந்தேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. அம்மாவின் முட்டிவலி எப்படி?

கதவு திறந்த கதையை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்ல மாட்டேன். தாளே நைந்துவிட்டது. மதர்கூட, "நெஜமாவே தானா எழுந்துச்சாமா?" என்று கேட்டார்கள்.

சில விவரம் வேண்டும். கீரி மலை ஏறுமா? கொண்டை ஊசி வளைவில் அந்த மூக்கோடு திருப்ப முடியுமா? இறங்கும்போது பிரேக் தாங்குமா? இறங்கும்போது ஒரு ஆள் கூடுதலாக, ஒரு தகரப் பெட்டியோடு இருந்தால் இடம் போதுமா?

அழைப்பிதழுக்கு அவசரப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல். கோபப்படாமல் கேட்கும் நேரமாகப் பார்த்துச் சொல்.

சான்ட்ரா

*

கீழ்வேளூர்
12.7.2024

மரியே வாழ்க!

அன்புத் தங்கைக்கு, அம்மா முட்டிக்குத் தைலம், நான் சுகம், கீரி சுகமோ சுகம். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை, வாய்க்காலில் தண்ணீர் இல்லை, வயலில் வேலை இல்லை, அதனால் பட்டறையில் நானும் கீரியும் மட்டும்தான்.

மலை ஏறுமாவா? என்ன கேள்வி கேட்டுவிட்டாய்! ஜீப்பின் இன்ஜின் அது, சுவரிலேயே ஏறும். நாலு சக்கரத்துக்கும் பிரேக் புதிது. வளைவில் ஒரு தடவை பின்னால் எடுத்துத் திருப்பினால் போதும்.

பெட்டி விஷயத்தில் நீ அவசரத்தில் மாற்றி எழுதிவிட்டாய் போலிருக்கிறது. பெட்டி ஏறும்போதுதானே வரும்? உனக்கு அம்மா கொண்டுவருகிற சீர்ப்பெட்டியைத்தானே சொல்கிறாய்? பட்டுத்துணி, மெழுகுவத்தி, முறுக்கு, அதிரசம் எல்லாம் அதில்தான். இறங்கும்போது பெட்டி ஏது, கூடுதல் ஆள் ஏது? யாராவது சிஸ்டர் ஆஸ்பத்திரிக்கு இறங்குகிறார்களா? இருந்தால் சொல், முன்சீட்டே கொடுத்துவிடுகிறேன்.

அழைப்பிதழ் அச்சாகி, பாதி ஊருக்குக் கொடுத்தும் ஆயிற்று. கடைத்தெரு முக்கில் பேனரும் வைத்துவிட்டாள் அம்மா. உன் படம் ஆளுயரம் இருக்கிறது!

எல்வின்

*

கீழ்வேளூர்
13.7.2024

மரியே வாழ்க!

அன்பு சான்ட்ராவுக்கு அண்ணி பிரின்ஸி. நலம், நலமே விழைகிறேன்.

நான் உங்களுக்குத் தனியாகக் கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை. மதர் இதைப் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும், நல்லதுதான்.

உங்கள் அண்ணனுக்கு இரும்பு தெரியும், மனுஷரைத் தெரியாது. "பெட்டியை மாத்தி எழுதிட்டா" என்று சிரித்துக்கொண்டு வந்து காட்டினார். நான் சிரிக்கவில்லை. ரெக்சினை வைத்துவிட்டு உங்கள் கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துப் படித்தேன். கீல், ஷாக், பிரேக், டியூப். வார்த்தைப்பாடு என்ற சொல்லை நீங்கள் எழுதவே இல்லை.

நேராகவே கேட்கிறேன். இறங்குகிற அந்தக் கூடுதல் ஆள் நீங்கள்தானா?

ஆமாம் என்றால் ஆமாம் என்று எழுதுங்கள். அத்தையை நினைத்து, பேனரை நினைத்து, பஸ்ஸை நினைத்து வார்த்தைப்பாடு கொடுத்துவிடாதீர்கள். பேனர் துணிதான். இது உங்கள் ஆயுசு. மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, நான் தையல் மெஷினை எடுத்துக் கீழே போட்டுக்கொள்கிறேன்.

அண்ணி பிரின்ஸி

*

மடம்
11.8.2024

இயேசுவுக்குப் புகழ்!

அன்பு அண்ணனுக்கும் அண்ணிக்கும், நான் சுகம்.

ஆமாம்.

அண்ணியின் கடிதத்தை மதர் என் கையில் கொடுத்துவிட்டு, "ஒங்க அண்ணி நல்ல பொண்ணு" என்று மட்டும் சொன்னார்கள். அவர்களுக்கு ஏப்ரலிலிருந்தே தெரியும். நானே சொன்னேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை, யாரும் என்னை வருத்தவும் இல்லை. இந்த ஆறு வருஷமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஆனால் உன் கீரி வந்த பிறகுதான் தெரிந்தது, எனக்கு இன்னொரு சந்தோஷம் இருக்கிறது, அது கை முழுக்கக் கறுப்பு ஒட்டுகிற சந்தோஷம். அதை மறைத்து வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் 'சாகும்வரை' என்று சொன்னால் அது பொய். அவரிடம் பொய் சொல்ல எனக்குப் பயமாக இருக்கிறது. அம்மாவிடம் உண்மை சொல்ல அதைவிடப் பயமாக இருக்கிறது.

என் மூன்று வருஷ வார்த்தைப்பாடு செப்டம்பர் 14-ஆம் தேதியோடு முடிகிறது. அதைப் புதுப்பிக்கவில்லை என்றால் அடுத்த நாள் நான் கிளம்பலாம்.

கீரியைக் கொண்டுவராதே அண்ணா. பெட்டி பற்றி ஆசையில் கேட்டுவிட்டேன். மடத்திலிருந்து திரும்பி வந்தவள் என்று ஊர் என்னை எப்படிப் பார்க்கும் என்று உனக்குத் தெரியும், அதைவிட அம்மாவை எப்படிப் பார்க்கும் என்றும் தெரியும். பஸ்ஸிலேயே வருகிறேன். ஊர் முழிப்பதற்குள் வீட்டுக்குள் நுழைந்துவிடுகிறேன். அம்மாவிடம் நீயே சொல். எனக்குத் தைரியம் இல்லை.

சான்ட்ரா

*

கீழ்வேளூர்
24.8.2024

மரியே வாழ்க!

என் தங்கமே, நீ சுகமாக இருந்தால் அதுவே போதும்.

கடிதத்தைக் கீரிக்குள் உட்கார்ந்துதான் படித்தேன். அழுதேன். அப்புறம் சிரித்தேன். அப்புறம் இரண்டும் சேர்ந்து வந்தது. சான்ட்ரா பட்டறைக்குத் திரும்பி வருகிறாள் என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன், சித்தீக் பெயின்ட் டப்பாவைக் கீழே போட்டுவிட்டான். உன் கையுறையும் முகமூடியும் புதிதாக வாங்கிவிட்டேன், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அம்மாவிடம் அன்றைக்கே சொன்னேன். குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைத்தாள். "நெசமாவா?" என்றாள். "நெசம்தாம்மா" என்றேன். செருப்பை மாட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டாள். அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை, பிரின்ஸியோடும் பேசவில்லை. சாப்பாடு வைக்கிறாள், தட்டைப் பார்த்துக்கொண்டே வைக்கிறாள். அம்மா பேசிவைத்த பஸ்ஸை வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். பேனரைக் கழற்ற ஏணி எடுத்தேன். "தொடாத" என்றாள். அந்த ஒரே வார்த்தைதான். அவள் மனசில் என்ன ஓடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை, பயமாகத்தான் இருக்கிறது.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. வேளாங்கண்ணிக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்கள் நம் வாசலைத் தாண்டும்போது கீரியைப் பார்த்துவிட்டு நின்று போட்டோ எடுக்கிறார்கள். காவி கட்டின ஒரு கூட்டம் கதவைத் திறந்து காட்டச் சொல்லி, மேலே எழுந்ததும் 'மரியே வாழ்க' என்று கத்தியது!

பஸ்ஸில் நீ வருவதில் எனக்குச் சம்மதமே இல்லை. ஆனால் உன் இஷ்டம், அம்மாவின் இஷ்டம். நீ சொல்கிற இடத்தில் வந்து நிற்கிறேன்.

அண்ணன் எல்வின்

*

கீழ்வேளூர்
2.9.2024

அத்தை சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு எழுத்துகூட மாற்றக் கூடாதாம். — பிரின்ஸி

மரியே வாழ்க!

ஏ சான்ட்ரா, அம்மா சவரியம்மா சொல்றேன். ஒடம்பு நல்லாத்தான் இருக்கு. மனசுதான் நல்லால்ல. நீ நல்லா இருக்கியா?

எனக்குக் கோவம். ரொம்பக் கோவம். ஊரெல்லாம் பத்திரிகை வச்சிட்டு வந்தவ நான். அண்ணங்கிட்ட எழுதுற, அண்ணிகிட்ட எழுதுற, பெத்தவகிட்ட ஒரு வரி சொல்ல ஒனக்கு வாய் இல்ல. எம்மேல அவ்வளவு பயமாடி ஒனக்கு? நான் என்ன புலியா?

கோயில்ல போயி ஒக்காந்து கேட்டேன், ஆண்டவரே, குடுத்தத ஏன் திருப்பி அனுப்புறீருன்னு. நாலு நாளு கேட்டேன். அஞ்சாம் நாளு எனக்கே தோணுச்சு, திருப்பி அனுப்புனா வாங்கிக்கிட வேண்டியது பெத்தவதானே, வேற யாரு வாங்குவா?

பேனர நேத்து நானே நின்னு கழட்டச் சொன்னேன். சாமிதுரை, ஏன் கழட்டுறீங்கன்னாரு. எம் மவ வீட்டுக்கு வர்றா, படம் எதுக்குன்னேன். பத்திரிகை வச்ச வீட்டுக்கெல்லாம் போயி நானே சொல்லிட்டு வந்துட்டேன். மூஞ்சி சுளிச்சவளும் இருக்கா. சுளிக்கட்டும், அவ மூஞ்சி.

ராத்திரி பஸ்ஸுல முக்காடு போட்டுக்கிட்டு வருவியாமே? எதுக்கு, எவன் வீட்டுல திருடுன? அதெல்லாம் ஒண்ணும் வேணாம். பதினஞ்சாந் தேதி ஞாயித்துக்கெழம அண்ணன் கீரிய எடுத்துட்டு வருவான். நானும் வர்றேன். மலையில எனக்குத் தல சுத்தும், பரவால்ல. நாகப்பட்டணம் போயி ஒனக்கு ஒரு பொடவ எடுத்தாச்சு, நல்ல மாம்பழ மஞ்சள், நாலு தெருவுக்குத் தெரியணும். அதக் கட்டிக்கிட்டு முன்சீட்டுல ஒக்காரு. வெளிச்சத்துல போயி வெளிச்சத்துல ஊருக்குள்ள வரணும்னு அண்ணங்கிட்ட சொல்லிட்டேன்.

மதருக்கு எம் வணக்கத்தச் சொல்லு. பத்தரமாப் பாத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்லு.

ஒண்ணு மட்டும் இப்பவே சொல்லிர்றேன். ஒன்னப் பாத்த ஒடனே நான் திட்டுவேன். மதர் நின்னாலும் திட்டுவேன், மடமே நின்னாலும் திட்டுவேன். என்னால அடக்க முடியாது. எதுத்துப் பேசாத, அழுவாத. நான் திட்டி முடிச்சதும் பேசாம வண்டியில ஏறிக்க.

அம்மா